தொழிலாளர் துறையில் அண்ணல் அம்பேத்கர்

அரசியலமைப்பைத் தந்த மேதையாகவே அண்ணல் அம்பேத்கரை நம் இளைஞர்கள் அறிவர். அதற்கு முன் நான்காண்டுக் காலம், முதலாளிமார் கட்டுப்பட்டு நடக்க வேண்டிய சட்டங்களை அவர் உருவாக்கிய வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோ இராணுவ முகாமில் பிறந்த அவர், கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தீட்டுக்கு அஞ்சிய ஏவலாளர் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர். தங்குவதற்கும் இடமின்றிச் சில நாட்களிலேயே பம்பாய் திரும்பினார். அந்நகரப் பஞ்சாலைகளிலும் அதே நிலைதான். கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் நம்மவருக்கு இடமில்லை. நூலை வாயால் ஈரப்படுத்தும் வேலை அங்கிருந்ததே காரணமாம்! இதற்கு எழுத்தில் விதி எதுவும் கிடையாது. வழக்கமே விதியாக நின்றது. 1928 வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத் தலைவர்களிடமே இவ்வநீதியை அவர் எடுத்துரைத்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார்.

1942 ஜூலையில் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் வந்தது. அடுத்த மாதமே அரசு, முதலாளி, தொழிலாளி என்னும் முத்தரப்பினரும் சமமாக அமர்ந்த மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். போர்க்காலத்தில், 1943இல், சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதற்கிருந்த தடை நீக்கப்பட்டதையும், அதற்கு அவர் விளக்கம் கூற நேர்ந்ததையும் மறைப்பதற்கில்லை. 1946இல் தடை மீண்டது. அவ்வாண்டே, ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது.

எனினும், 1946 ஏப்ரலில் நிறைவேறிய நிலையாணைச் சட்டத்தையே யாம் பெரிதும் போற்றுகிறோம். அதுவரை பல ஆலைகளில் மேஸ்திரியின் வாய்ச்சொல்லே சட்டம். அவன் வரச் சொன்னால் வேலை, போகச் சொன்னால் பட்டினி. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ உழைக்கும் நிறுவனத்தின் முதலாளி, வேலை நேரம், சம்பள நாள், விடுப்பு, நீக்கம், குற்றத்திற்குரிய நடவடிக்கை ஆகியவற்றை எழுதி, ஆறு மாதத்திற்குள் அரசு அதிகாரியிடம் அளிக்க வேண்டும் என்றது அச்சட்டம். தொழிலாளர் தரப்பின் மறுப்பைக் கேட்ட பின்னரே அதிகாரி சான்றளித்தார். சான்று பெற்ற விதிகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் வாயிலருகே பலகையில் ஒட்ட வேண்டியிருந்தது. வரைவை அளிக்கத் தவறினால் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் இருந்தது. தவறு தொடர்ந்தால் நாளொன்றுக்கு இருநூறு ரூபாய் வரை மேலும் விதிக்க இடமிருந்தது. எழுத்தறியாதவனும் தன் பிள்ளையை அழைத்து வந்து அப்பலகையைப் படிக்கச் சொல்ல முடிந்தது அல்லவா?

நூறு பேர் என்ற வரம்பினால் நம் மக்களிற் பெரும்பாலோர் இச்சட்டத்திற்கு வெளியே நின்றனர். வயலுக்கு ஏது வாயிற்பலகை? அதே ஏப்ரலில் அண்ணல் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் பதவி விலகிய பின், ஜெகஜீவன்ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்த 1948இல் அது சட்டமாயிற்று. தோல் பதனிடும் தொழிலும், வயல் வேலையும் அதன் அட்டவணையில் இடம்பெற்றன.