பானைத் தண்ணீரும் பாதிக் கூலியும்

1917ஆம் ஆண்டு. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் இளைஞர் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அவருக்குக் கீழே வேலை பார்த்த சிப்பந்திகள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூர நின்று மேசைமேல் எறிந்தார்கள். தங்கியிருந்த பார்சி விடுதிக்குத் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொல்லி மிரட்டியது. அவர் வேலையை விட்டு பம்பாய் திரும்பினார். அடுத்த ஆண்டு சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று சிலர் எதிர்த்தார்கள்.

அவர்தான் அண்ணல் அம்பேத்கர். 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்தவர். படிப்பும் பதவியும் இருந்தாலும் வேலை செய்யும் இடத்தில் பாகுபாடு எப்படி வரும் என்பதைத் தன் உடம்பில் பட்டு அறிந்தவர். அந்த அனுபவம் அவரைத் தன் சாதியின் வலியோடு நிறுத்திவிடவில்லை. ஆலையிலும் சுரங்கத்திலும் பெண்கள் பட்ட பாட்டையும் பார்க்க வைத்தது.

1927இல் அவர் பம்பாய் சட்டமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு, ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குப் பேறுகால உதவி தரும் மசோதா அவைக்கு வந்தது. முதலாளிகள்மீது ஏன் சுமை ஏற்ற வேண்டும் என்று எதிர்ப்பு எழுந்தது. தாய்க்கு ஓய்வு தருவது நாட்டுக்கே நன்மை, அதனால் அரசு பெரும் பங்கை ஏற்க வேண்டும், பெண்ணின் உழைப்பால் லாபம் அடையும் முதலாளியும் ஒதுங்க முடியாது என்று அவர் வாதாடினார். 1929இல் அது சட்டமானது.

1942 ஜூலையில் நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் முன் பேசினார். அதே மாதம் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டால், சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்குவதற்கு இருந்த தடையை 1943இல் அரசு தளர்த்தியது. கடும் கண்டனம் எழுந்தது. இது தற்காலிக ஏற்பாடுதான் என்றும், அங்கே ஆணுக்குத் தரும் கூலியே பெண்ணுக்கும் தரப்படுகிறது என்றும் அவர் அவையில் விளக்கினார். தடை 1946இல் திரும்ப வந்தது. சமவேலைக்குச் சமகூலி என்ற கொள்கையை அவர் விடவில்லை.

அவர் தலைமையிலான வரைவுக்குழு உருவாக்கிய அரசியலமைப்பில், பிரிவு 16 அரசு வேலையில் சாதியாலோ பாலினத்தாலோ பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆண், பெண் இருவருக்கும் சம ஊதியம் என்பது பிரிவு 39. பேறுகால உதவி பிரிவு 42. பெண்களுக்குச் சொத்துரிமை தர வந்த இந்து சட்ட மசோதா முடக்கப்பட்டதும் முக்கியக் காரணமாக, 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1976இல், சம ஊதியச் சட்டம் வந்தது.

காரைக்குடிப் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் சித்தாளை நினைத்துப் பாருங்கள். ஆண் கூலியாள் சுமக்கும் அதே கல்லையும் மண்ணையும் அவரும் சுமக்கிறார். சாயங்காலம் கூலி குறைந்தால், அது பொம்பளைக் கூலி, காலங்காலமாக அப்படித்தான் என்பார்கள். பாகுபாடு பல நேரம் வழக்கம் என்ற பெயரில்தான் வரும். ஒரே மாதிரி வேலைக்குக் குறைந்த கூலி, கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்துவது, எத்தனை வருடம் உழைத்தாலும் கொத்து வேலை பழகவிடாமல் சித்தாளாகவே வைத்திருப்பது, குறிப்பிட்ட தெருப் பெண்களுக்கு மட்டும் கழிவறை கழுவும் வேலை தருவது எல்லாம் அதன் முகங்களே.

பானைத் தண்ணீரை மறுத்ததும் வழக்கம் என்றுதான் சொல்லப்பட்டது. அதை வழக்கம் என்று ஏற்க அம்பேத்கர் மறுத்தார். கூலிக் கணக்கைப் பார்க்கும்போது நம் பிள்ளைகளும் அதே கண்ணோடு பார்க்கட்டும்.