மோட்டார் சைக்கிளுக்கு மூச்சுக் கொடுத்த அனாதைச் சிறுவன்

ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்ட் நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு சிறிய வேண்டுகோள் வெளிவந்தது. தாயும் தந்தையும் இறந்துவிட்டதால் ஐந்து ஆண் பிள்ளைகள் திக்கற்று நிற்கிறார்கள்; இரக்கமுள்ளவர்கள் கை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். குடும்ப நண்பர்கள் கொடுத்த அறிவிப்பு அது.

அந்த ஐவரில் ஒருவன் பத்து வயதுச் சிறுவன் வில்ஹெல்ம் மேபாக். உலகம் முழுவதும் ஓடிய கோடிக்கணக்கான மோட்டார் சைக்கிள்களின் மூச்சுக் குழல் போன்ற கார்புரேட்டருக்கு உருவம் கொடுக்கப் போகிறவன் அவன்தான் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

தச்சரின் மகன்

மேபாக் 1846-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி ஹைல்பிரான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். பிழைப்புக்காகக் குடும்பம் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்தது. 1854-ல் தாய் இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1856-ல், தந்தையும் போய்விட்டார்.

பத்திரிகை அறிவிப்பைப் பார்த்து முன்வந்தவர் குஸ்தாவ் வெர்னர் என்ற பாதிரியார். ராய்ட்லிங்கன் ஊரில் அவர் நடத்திய இல்லத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் மட்டுமல்ல, தொழிலும் கற்றுத் தரப்பட்டது. அங்கேயே ஓர் இயந்திரப் பட்டறையும் இருந்தது.

சிறுவன் மேபாக்கிடம் கணக்கும் படம் வரையும் திறமையும் இருப்பதை வெர்னர் கவனித்தார். இயந்திர வரைபடம் வரையும் பிரிவில் அவனைச் சேர்த்தார். பகலில் வேலை, மாலையில் படிப்பு. சிறுவன் எதையும் வீணாக்கவில்லை.

டெய்ம்லரின் நட்பு

1860-களில் அந்தப் பட்டறைக்கு நிர்வாகியாக வந்தார் காட்லீப் டெய்ம்லர். மேபாக்கைவிட 12 வயது மூத்தவர். வரைபலகையின் முன் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த இளைஞனை அவர் அடையாளம் கண்டுகொண்டார். அன்று தொடங்கிய உறவு டெய்ம்லரின் மரணம் வரை நீடித்தது.

டெய்ம்லர் கார்ல்ஸ்ரூவுக்கு வேலை மாறினார். மேபாக் பின்னாலேயே போனார். 1872-ல் டெய்ம்லர், கொலோன் நகருக்கு அருகிலுள்ள டாய்ட்ஸ் தொழிற்சாலைக்கு வந்தார். மேபாக் அங்கே வடிவமைப்புப் பிரிவின் தலைவரானார். 1876-ல் நிகோலஸ் ஓட்டோவின் புகழ் பெற்ற நான்கு வீச்சு எஞ்சின் உருவானதும், தொழிற்சாலையில் செய்து விற்கக் கூடிய அளவுக்குச் செம்மைப்பட்டதும் அங்கேதான்.

ஓட்டோவின் எஞ்சின் பெரியது, கனமானது. தரையோடு பிணைத்து வைக்க வேண்டியது. நிமிடத்துக்கு 200 சுற்றுக் கூடச் சுற்றாது. எரிவாயுக் குழாய் வரும் இடத்தில்தான் அதற்கு வேலை. வண்டியில் ஏற்றக்கூடிய சிறிய, வேகமான எஞ்சின் வேண்டும் என்பது டெய்ம்லர், மேபாக் இருவரின் கனவு. முதலாளிகளுடன் ஏற்பட்ட மனக்கசப்பால் டெய்ம்லர் 1882-ல் வெளியேறினார். மேபாக்குக்கு அப்போது மனைவியும் சிறு குழந்தையும் இருந்தனர். ஆனாலும் நிலையான வேலையை விட்டுவிட்டு நண்பரைப் பின்தொடர்ந்தார்.

செடி வீட்டில் கள்ள நோட்டா?

கான்ஸ்டாட் ஊரில் டெய்ம்லர் வாங்கிய பங்களாத் தோட்டத்தில், செடி வளர்க்கும் கண்ணாடி வீடு ஒன்று இருந்தது. இருவரும் அதைப் பட்டறையாக்கினார்கள். இரவும் பகலும் உள்ளேயிருந்து தட்டும் சத்தம். கதவு எப்போதும் பூட்டியே கிடந்தது. தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே கள்ளப்பணம் அடிக்கிறார்கள் என்று போலீசில் சொல்லிவிட்டார். போலீசார் வந்து பார்த்தபோது கிடைத்தவை இரும்புக் கருவிகளும் ஓர் எஞ்சினும்தான்!

அந்தக் கண்ணாடி வீட்டில் பிறந்ததுதான் 1885-ன் மோட்டார் சைக்கிள். மரச்சட்டம், இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரங்கள், சாய்ந்து விழாமலிருக்க இருபுறமும் இரண்டு சிறு சக்கரங்கள். 264 கன சென்டிமீட்டர் எஞ்சின். அரைக் குதிரைச் சக்தி. நிமிடத்துக்கு 600 சுற்று. வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். அந்த ஆண்டு நவம்பரில் டெய்ம்லரின் மகன் அதில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனான். எஞ்சினில் தீ மூட்டும் சூட்டுக் குழாய் இருக்கைக்கு நேர் கீழே இருந்ததால், வழியில் இருக்கையே தீப்பற்றிக்கொண்டது.

பெட்ரோலில் ஒரு சிக்கல்

வண்டி ஓடிவிட்டது. ஆனால் மேபாக்கின் மனம் அமைதி கொள்ளவில்லை. எஞ்சினுக்கு எரிபொருள் தரும் முறைதான் அவரை உறுத்தியது.

பெட்ரோல் அப்போது மருந்துக் கடையில் கறை நீக்கும் திரவமாக விற்கப்பட்டது. அது திரவமாக இருக்கும் வரை எஞ்சினுக்குப் பயனில்லை. ஆவியாகிக் காற்றோடு சரியான விகிதத்தில் கலக்க வேண்டும். ஏறக்குறைய 15 பங்கு எடையுள்ள காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை. குறைந்தால் எஞ்சின் இருமி நின்றுவிடும்.

முதல் மோட்டார் சைக்கிளில் இருந்த கார்புரேட்டர், ஒரு பெட்ரோல் பாத்திரம் போன்றது. காற்று அந்தப் பெட்ரோலின் வழியே போய், ஆவியைச் சுமந்துகொண்டு எஞ்சினுக்குச் செல்லும். இதில் பல தொல்லைகள். பெட்ரோலில் உள்ள லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். கனமான பகுதி அடியில் தங்கும். புறப்படும்போது நன்றாக ஓடிய எஞ்சின், போகப் போகத் திணறும். குளிர் காலத்தில் ஒரு குணம், வெயிலில் ஒரு குணம். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் கலவையும் மாறும். சிறிய எஞ்சினுக்கு எப்படியோ சமாளித்தார்கள். பெரிய எஞ்சினுக்கு இது போதாது.

ஓட்டலில் பிறந்த கருவி

1890-ல் டெய்ம்லர் பணக்காரப் பங்குதாரர்களுடன் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். அதிகாரம் பங்குதாரர்கள் கைக்குப் போயிற்று. மேபாக்குக்குக் கொடுக்கப்பட்ட நிபந்தனைகளை அவரால் ஏற்க முடியவில்லை. 1891 பிப்ரவரியில் அவர் வெளியேறினார். 45 வயதில், எந்த எஞ்சினை உருவாக்கினாரோ அந்தக் கம்பெனியிலேயே இடம் இல்லை.

டெய்ம்லர் நண்பரைக் கைவிடவில்லை. சொந்தப் பணத்தைக் கொடுத்தார். முதலில் தம் வீட்டிலும், பிறகு கான்ஸ்டாட்டில் மூடிக் கிடந்த ஓட்டல் ஒன்றின் நடனக் கூடத்திலும் மேபாக் வேலையைத் தொடர்ந்தார். அங்கேதான், 1893-ல், தெளிப்பு முறைக் கார்புரேட்டர் உருவானது.

தத்துவம் எளியது. பெட்ரோலை ஒரு சிறு கிண்ணத்தில் நிறுத்தினார். அதில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறி ஊசி வால்வை அடைக்கும். இறங்கினால் திறந்து விடும். நமது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு செய்யும் வேலைதான். கிண்ணத்திலிருந்து ஒரு நுண்ணிய துவாரம் காற்று போகும் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கும்போது, அந்த வேகத்தில் பெட்ரோல் துவாரத்தின் வழியே மெல்லிய தூறலாகத் தெறிக்கும். எஞ்சின் இழுக்கும் அளவுக்கே பெட்ரோல். மிச்சம் ஆவியாகி வீணாவதில்லை.

ஹங்கேரியைச் சேர்ந்த டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் அதே 1893-ல், சற்று முன்னதாகவே, இதே வகைக் கருவிக்குக் காப்புரிமை கேட்டிருந்தனர். எனவே முதல் பெருமை யாருக்கு என்ற வாதம் உண்டு. ஆனால் சாலையில் ஓடும் வண்டிகளுக்குள் அதைக் கொண்டு சேர்த்ததில் மேபாக்கின் பங்கு பெரியது.

மெக்கானிக்கின் ஸ்குரூ டிரைவர்

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, நம் நாட்டின் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு முறை பிடித்துவிட்டது. ஆனாலும் லட்சக்கணக்கான பழைய வண்டிகளில் மேபாக்கின் அதே கிண்ணம், அதே மிதவை, அதே துவாரம். அவற்றில் வரும் கோளாறுகளும் அவர் வகுத்த தத்துவத்திலிருந்தே புரியும்.

நிறுத்திய வண்டியில் பெட்ரோல் சொட்டினால், ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். அல்லது மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கலாம். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றால், பெரும்பாலும் மெதுவோட்டத்துக்கான சிறு ஜெட் அடைபட்டிருக்கும். மாதக்கணக்கில் வண்டியை ஓட்டாமல் வைத்தால் கிண்ணத்துப் பெட்ரோல் காய்ந்து பிசினாகி இதைச் செய்யும்; அடியில் உள்ள திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துவது நல்லது. அடைத்த ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளைத் துவாரம் மயிரிழை பெருத்தாலும் பெட்ரோல் செலவு ஏறிவிடும். கழுவும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை.

கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால், கணக்கில் வராத காற்று புகுந்து எஞ்சின் ஏறி இறங்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி உண்மை தெரியும். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி.

புகழின் உச்சி

மேபாக் இல்லாத கம்பெனி தடுமாறியது. 1895-ல் பிரெடரிக் சிம்ஸ் என்ற வியாபாரி, டெய்ம்லர் திரும்பி வந்தால்தான் 350,000 மார்க் கொடுத்து எஞ்சின் உரிமையை வாங்குவதாக நிபந்தனை போட்டார். டெய்ம்லரோடு மேபாக்கும் தொழில்நுட்ப இயக்குநராகத் திரும்பினார்.

1900 மார்ச் 6-ந் தேதி டெய்ம்லர் காலமானார். 35 ஆண்டு நட்பு முடிந்தது. அந்தத் துக்க ஆண்டிலேயே, எமில் யெல்லினெக் என்ற வாடிக்கையாளர் கேட்டபடி 35 குதிரைச் சக்தி காரை மேபாக் வடிவமைத்தார். எஞ்சினைக் குளிர்விக்கத் தேனடை போன்ற ரேடியேட்டர். அதில் 8,070 சிறு குழாய்கள். இரண்டு தெளிப்புக் கார்புரேட்டர்கள். 1901 மார்ச்சில் நீஸ் நகரப் பந்தயங்களில் அந்தக் கார் மற்ற வண்டிகளைப் பின்னுக்குத் தள்ளியது. பிரெஞ்சுக்காரர்கள் மேபாக்கை வடிவமைப்பாளர்களின் மன்னர் என்று போற்றினார்கள். காருக்கோ யெல்லினெக் மகளின் பெயர் வைக்கப்பட்டது. அதுதான் மெர்சிடிஸ்.

மீண்டும் வாசலுக்கு வெளியே

துணை நின்ற நண்பர் இல்லாத கம்பெனியில் மேபாக் மெல்ல ஒதுக்கப்பட்டார். பொறுப்புகள் மற்றவர்களுக்குப் போயின. 1907-ல், 61 வயதில், அவர் இரண்டாவது முறையாக வெளியேறினார்.

ஓய்ந்து உட்காரவில்லை. 1908-ல் செப்பலின் பிரபுவின் ஆகாயக் கப்பல் எக்டர்டிங்கனில் எரிந்து அழிந்தபோது, அதற்கேற்ற நல்ல எஞ்சின் செய்து தர முன்வந்தார். 1909-ல் கம்பெனி அமைந்தது. மகன் கார்ல் அதன் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் மேபாக் என்ற பெயரிலேயே கார்கள் வந்தன. அவை மகன் செய்தவை.

பள்ளிப் படிப்பைக்கூட மாலை நேரத்தில் பெற்றவருக்கு 1916-ல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1929 டிசம்பர் 29-ந் தேதி, 83-வது வயதில், அவர் மறைந்தார். கான்ஸ்டாட்டில் டெய்ம்லர் உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். வாழ்நாளெல்லாம் பின்தொடர்ந்த நண்பரை அங்கும் பின்தொடர்ந்தார்.

அவர் செய்த முதல் மோட்டார் சைக்கிள் 1903-ல் நடந்த தொழிற்சாலைத் தீயில் எரிந்துவிட்டது. அவர் அமைத்த சிறு துவாரம் மட்டும் அழியவில்லை. தெருவோரப் பட்டறையில் ஒரு மெக்கானிக் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போதெல்லாம், அந்த அனாதைச் சிறுவனின் உழைப்பைத்தான் பார்க்கிறார்.