பெட்டிகளில் வந்த மகிழுந்து

நுழையும்முன்

பழைய மகிழுந்து ஒன்றை வாங்கி, பழுது நீக்கி, தம் விருப்பப்படி மாற்றியமைத்து ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகெங்கும் உள்ளனர். வருவாய் கருதாத அந்த உழைப்பு சிலருக்குக் கல்விக்கூடமாகவும் அமைந்துவிடுகிறது. அவ்வாறு கற்ற ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் புரூஸ் மெக்லாரன் பிறந்தார். தந்தையார் லெஸ், தாயார் ரூத். ரெமுவேரா என்னும் பகுதியில் பெட்ரோல் நிலையமும் அதனோடு இணைந்த பழுதுநீக்கும் பணிமனையும் நடத்திவந்தது அக்குடும்பம். திருகுமறைகளையும் திருப்புளிகளையும் விளையாட்டுப் பொருள்களாகக் கொண்டு வளரும் வாய்ப்பு அச்சிறுவருக்கு இயல்பாகவே கிட்டியது.

ஒன்பதாம் வயதில் அவருடைய இடப்புற இடுப்பில் நோவு கண்டது. மருத்துவர்கள் அதனைப் பெர்த்தஸ் நோய் என்றனர். தொடையெலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்குக் குருதியோட்டம் குறைந்து, எலும்பு நலிந்து உருக்குலைவது அந்நோயின் தன்மை. உடலின் எடை அக்காலின்மீது விழாதவாறு காப்பதே அன்றைய மருத்துவம். டாக்கபுனா என்னும் இடத்திலிருந்த வில்சன் இல்லத்தில் ஏறத்தாழ ஈராண்டுகள் அவர் தங்க வேண்டியதாயிற்று. அவற்றுள் பல திங்கள்கள் உடலைச் சட்டத்தோடு பிணைத்த நிலையிலேயே கழிந்தன. எழுந்து நடந்தபோது இடக்கால் வலக்காலைவிடக் குட்டையாகியிருந்தது. சாய்ந்து நடக்கும் நடை வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டு நீங்கவில்லை. ரக்பி ஆட்டத்தை உயிரெனப் போற்றும் ஒரு நாட்டில், ஆடுகளத்தின் கதவு ஒரு சிறுவனுக்கு மூடப்படுவது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்நிலையில்தான் அவர் வாழ்வில் பழைய வண்டி ஒன்று நுழைந்தது. அதைக் கூறுமுன் அக்கால நியூசிலாந்தைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் அந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. புதிய மகிழுந்து வாங்குவது எளிதன்று. எனவே இருபது, முப்பது ஆண்டுகள் பழகிய வண்டிகளும் பழுது நீக்கப்பட்டு மீண்டும் மீண்டும் சாலைக்கு வந்தன. வீட்டுக் கொட்டகைகளில் ஒரு வண்டியின் சட்டகத்தில் வேறொரு வண்டியின் எஞ்சினைப் பொருத்தித் தமக்கென ஒரு பந்தய வண்டியை உருவாக்கும் இளைஞர்கள் பலர் இருந்தனர். பற்றாக்குறை ஒரு தலைமுறையையே கைத்திறன் உடையதாக்கியது எனலாம்.

புரூஸின் பதின்பருவத் தொடக்கத்தில், லெஸ் 1929ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆஸ்டின் செவன் அல்ஸ்டர் என்னும் சிறிய பந்தய மகிழுந்தை வாங்கினார். வாங்கினார் என்பதைவிட, அதன் உறுப்புகளை வாங்கினார் என்பதே பொருந்தும். வண்டி பிரிக்கப்பட்ட நிலையில், பெட்டிகளில் இட்ட துண்டுகளாக வந்து சேர்ந்தது. செப்பனிட்டு விற்றுவிடுவதே தந்தையாரின் எண்ணம். மகனின் எண்ணமோ வேறு. வண்டியை விற்கக்கூடாதென்று வேண்டி, அதைப் பூட்டும் பணியில் தந்தையாருடன் இறங்கினார்.

பிரிந்து கிடக்கும் எஞ்சினை ஒன்றுசேர்ப்பது எளிய செயலன்று. ஒவ்வோர் உறுப்பும் எங்கே பொருந்தும் என்பதோடு, அது ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் கண்டறிய வேண்டும். ஆஸ்டின் செவன் இவ்வகையில் நல்ல ஆசானாக விளங்கியது. நான்கு சிறிய உருளைகள், கம்பியிழுவையால் இயங்கும் பிரேக்குகள், மெல்லிய சட்டகம் என அதன் அமைப்பு முழுவதும் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதாக இருந்தது. தவறாகப் பூட்டினால் ஓடாது. மீண்டும் பிரித்தாக வேண்டும். ஓடியாடும் வாய்ப்பிழந்த சிறுவருக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே பழகியிருந்தது.

தெரிந்து தெளிவோம்
ஆஸ்டின் செவன், இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஆஸ்டின் 1922ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய சிறு மகிழுந்து. இதன் எஞ்சினின் கொள்ளளவு 747 கன சென்டிமீட்டர். 1939ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் உருவாயின. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் முதன்முதலில் தயாரித்த மகிழுந்து இதன் உரிமம் பெற்ற வடிவமே. விலை குறைவு, எடை குறைவு, எளிய அமைப்பு ஆகியவற்றால் மாற்றியமைப்போரின் விருப்பத்திற்குரிய வண்டியாக இது நெடுங்காலம் இருந்தது. புரூஸ் ஓட்டிய அல்ஸ்டர், இங்கிலாந்தின் வோக்கிங் நகரிலுள்ள மெக்லாரன் நிறுவனத்தில் இன்றும் காக்கப்படுகிறது.

பழைய வண்டிகளை விரும்புவோரில் இருவகையினர் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே வண்டியை மீட்டெடுக்க விழைவோர் ஒருசாரார். இவ்வண்டி இன்னும் எவ்வாறு ஆகக்கூடும் என்று வினவுவோர் மற்றொரு சாரார். புரூஸ் இரண்டாம் வகையினர். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மரங்களைச் சுற்றி ஓட்டிப் பழகிய அவர், 1952ஆம் ஆண்டு முரிவாய் என்னும் கடற்கரைப் பகுதியில் நடந்த மலையேற்ற ஓட்டப் போட்டியில் அல்ஸ்டருடன் முதன்முறையாகக் களம் இறங்கினார். நடக்கையில் சாய்ந்த கால், வண்டிக்குள் அமர்ந்ததும் எவருடைய காலுக்கும் குறைந்ததாக இல்லை.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. செடன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்கத் தொடங்கினார். 1958ஆம் ஆண்டு, இளம் ஓட்டுநர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்தில் முதலாவதாகத் தேர்வானார். படிப்பு பாதியில் நின்றது. இங்கிலாந்தில் கூப்பர் நிறுவனத்தில் இணைந்தவர், 1959ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்றார். முன்னால் சென்ற அவருடைய அணித்தோழர் ஜாக் பிராபமின் வண்டியில் இறுதிச்சுற்றில் எரிபொருள் தீர்ந்ததால் கைக்கு வந்த வெற்றி அது. அப்போது புரூஸின் அகவை 22. உலக வாகையர் பட்டத்துக்கான கிராண்ட் பிரீ ஒன்றில் அவ்வளவு இளமையில் வென்றவர் எனும் பெருமை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவரிடமே இருந்தது.

இந்த வெற்றிகளையே அவருடைய வாழ்வின் உச்சங்களாகக் கூறுவோர் பலர். எனினும், அவர் யார் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி 1964ஆம் ஆண்டு, நியூ மால்டன் என்னும் ஊரில் மண்தரைக் கொட்டகை ஒன்றில் நடந்தது. முந்தைய ஆண்டு தம் பெயரில் சிறு பந்தய நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். புதிய வண்டி உருவாக்கப் பெரும்பொருள் வேண்டும். அவர் வாங்கியதோ பிறர் பயன்படுத்திய பழைய வண்டி. 1961இல் அமெரிக்கப் பந்தயம் ஒன்றில் மோதிச் சிதைந்த கூப்பர் வண்டி அது. ரோஜர் பென்ஸ்கி என்ற அமெரிக்க ஓட்டுநர் அந்தச் சிதைவை வாங்கி, வேறு வகைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றி, செரெக்ஸ் ஸ்பெஷல் என்று பெயரிட்டு ஓட்டியிருந்தார்.

புரூஸின் குழுவினர் அதன் நடுச்சட்டகத்தை அறுத்தெடுத்து, வலிமையான புதிய பகுதியை இணைத்தனர். பழைய எஞ்சினை அகற்றிவிட்டு, ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் குடும்ப மகிழுந்துகளுக்காக உருவாக்கிய எட்டு உருளை எஞ்சினை வைத்தனர். அலுமினியத்தால் ஆனதால் அந்த எஞ்சின் ஆற்றலுக்கு ஏற்ற எடை இல்லாததாக இருந்தது. பந்தயம் நெருங்கிவிட்டது, அழகுபார்க்க நேரமில்லை. கிடைத்த பச்சை வண்ணத்தைப் பூசிக் கனடாவுக்கு அனுப்பினர். மோஸ்போர்ட் களத்தில் ஓடிய முதற்பந்தயத்திலேயே அது வென்றது. அதில் கற்ற பாடங்களைக் கொண்டே அவ்வாண்டிலேயே மெக்லாரன் குழுவின் சொந்தப் பந்தய வண்டி பிறந்தது.

அவர் கவனிக்கும் முறைக்கு ஒரு சான்று. ஒருமுறை சோதனை ஓட்டத்தின்போது, முன்புற மேற்கூட்டிலிருந்த எரிபொருள் வாயின் மூடி சரியாகப் பூட்டப்படாமல் படபடவென அடித்துக்கொண்டிருந்தது. பணியாளரின் கவனக்குறைவை எண்ணி முதலில் அவருக்குச் சினம் எழுந்தது. அடுத்த கணமே ஒரு வினா தோன்றியது. விரைவு கூடக் கூட, எதிர்க்காற்று மூடியை அழுத்தியல்லவா வைக்க வேண்டும்? அது மேலெழுகிறதென்றால், மேற்பரப்பைவிட உள்ளே காற்றழுத்தம் மிகுதியாக இருக்க வேண்டும். உடனே வண்டியை நிறுத்தி, தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து, ரேடியேட்டருக்குப் பின்னுள்ள மேற்கூட்டில் துளையிட்டார். அடைபட்டிருந்த காற்று வெளியேற வழி கிடைத்தது. வண்டி முன்னைவிட விரைவாகச் சுற்றி வந்தது. தளர்ந்த மூடியை இறுக்கிவிட்டு மறந்திருந்தால் அன்று யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

1966ஆம் ஆண்டு கிறிஸ் ஏமனுடன் இணைந்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றார். 1967, 1969 ஆகிய ஆண்டுகளில் வட அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத் தொடரில் வாகை சூடினார். 1969இல் அத்தொடரின் பதினொரு பந்தயங்களையும் மெக்லாரன் வண்டிகளே வென்றன. இடையில் 1968ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில், தம் பெயர் தாங்கிய வண்டியைத் தாமே ஓட்டிக் கிராண்ட் பிரீ வென்றார். முன்னால் சென்றவர் எரிபொருளுக்காக விலகியதை அறியாமல் இரண்டாமிடம் என்றே எண்ணி எல்லைக்கோட்டைக் கடந்த அவர், பிறர் சொல்லித்தான் வெற்றியை அறிந்தார்.

நிறுவனம் வளர்ந்தபின்னும் சோதனை ஓட்டங்களை அவர் பிறரிடம் முழுமையாக ஒப்படைக்கவில்லை. தாம் பூட்டியதைத் தாமே ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அல்ஸ்டர் காலத்திலிருந்தே வந்தது. ஆனால் தோட்டத்து மரங்களைச் சுற்றிய வண்டி வேறு. காற்றின் அழுத்தத்தை நம்பித் தரையோடு ஒட்டி விரையும் 1970ஆம் ஆண்டின் வண்டி வேறு. அவ்வாண்டு சூன் 2ஆம் நாள் இங்கிலாந்தின் குட்வுட் களத்தில், எம்8டி என்னும் புதிய வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். மிகுவிரைவில் செல்லும்போது பின்புற மேற்கூடு பிடிப்பு நீங்கிக் கழன்றது. தரையோடு அழுத்திவைக்கும் விசை அற்றுப்போகவே, வண்டி நிலைகுலைந்து களத்தோரக் கட்டுமானத்தில் மோதியது. அங்கேயே அவர் உயிர் நீத்தார். அகவை 32. மனைவி பாட்டியையும் நான்கு வயது மகள் அமாண்டாவையும் விட்டுச் சென்றார்.

கேன்-ஆம் தொடரின் முதற்பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. குழுவினர் பணிமனைக்குத் திரும்பினர். மேற்கூட்டின் பிடிப்புகளை ஆராய்ந்தனர். எஞ்சிய வண்டிகளை ஆயத்தம் செய்தனர். சூன் 14ஆம் நாள், முன்பு பச்சை வண்ண வண்டி வென்ற அதே மோஸ்போர்ட் களத்தில், புரூஸின் இடத்தில் டான் கர்னி அமர்ந்தார். அப்பந்தயத்தை மெக்லாரன் வண்டியே வென்றது.