பனியை நிறைகண்ட பண்டிதர்

பழைய மொழியொன்றைக் கற்பித்து வாழ்பவனை உலகம் சற்று இரக்கத்தோடு நோக்குவது வழக்கம். இறந்தோர் எழுதிவைத்தவற்றைப் படிப்பதனால் இருப்போர்க்கு யாது பயன் என்பது உலகத்தவர் வினா. அவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டு இலத்தீன் ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாளையே விடையாக வைத்துச் சென்றார். ஆறுகளில் வரவிருக்கும் நீரின் அளவை, அது வருவதற்குத் திங்கள் சில முன்னரே எதிர்வுகூறும் வழியை உழவர்க்கும் அரசினர்க்கும் காட்டியவர் அவர். யேம்ஸ் எட்வேட் சேர்ச் என்பது அவர் பெயர்.

சேர்ச் 1869ஆம் ஆண்டு பெப்புருவரித் திங்கள் 15ஆந் திகதி மிச்சிகன் மாநிலத்தில் ஹொலி என்னும் சிற்றூரிற் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1892இல் பட்டம் பெற்றதும், தூர மேற்கிலுள்ள நெவாடா மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கு இலத்தீன் கற்பிக்கச் சென்றார். றீனோ நகரில் அமைந்த அக்கழகம் அந்நாளில் மிகச் சிறியது. 1894இல் புளோரன்சு ஹம்பிரி என்னும் நங்கையை மணந்தார். பின்னர் யேர்மனி சென்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1901இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ச்சிக்குக் கொண்ட பொருள் இலத்தீன் கல்லறைச் சாசனங்களின் மொழிநடை. தேய்ந்த கல்லிலுள்ள எழுத்தை ஐயந்திரிபறப் படிக்கும் பயிற்சி பெற்ற கண்களே பின்னாளில் மலைப்பனியையும் படிக்கலாயின.

நெவாடா வறண்ட நாடு. அங்கே மழை அரிது. அந்நாட்டின் மேற்கெல்லையில் சியறா நெவாடா என்னும் நெடுமலைத் தொடர் நிற்கின்றது. மாரிகாலத்தில் மேற்குக் கடலிலிருந்து வரும் முகில்கள் அம்மலைகளின்மேல் மழையாகப் பெய்யாது உறைபனியாகப் பொழிகின்றன. அப்பனி திங்கட் கணக்கில் அங்கேயே தங்கி, இளவேனிலும் முதுவேனிலும் வரும்போது உருகி ஆறாக இறங்குகின்றது. மழைநீரைக் குளங்கட்டித் தேக்கும் நாட்டவராகிய நமக்கு இதனை விளக்குதல் எளிது: அவர்களுடைய குளங்கள் மலையுச்சியில் இருக்கின்றன, கட்டியவர் எவருமிலர், அணையுமில்லை, மதகுமில்லை. ஆனால் நம் குளத்தின் நீர்மட்டத்தைக் கரையில் நின்றே கண்டுகொள்ளலாம். அவர்களுடைய குளத்தில் எவ்வளவு நீருண்டென்பதை அறிந்தார் அந்நாளில் ஒருவருமிலர்.

றீனோ நகருக்குத் தென்மேற்கே றோஸ் என்னும் மலை 10,700 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. சேர்ச் அதன் உச்சிக்கு 1895ஆம் ஆண்டு மாரிகாலத்திலே முதன்முதல் ஏறினார். அவ்வேளையில் அவரை ஈர்த்தது மலைமீது கொண்ட காதலன்றி வேறன்று. ஆயினும் உச்சியின் குளிரும் காற்றும் எத்தகையன என்று அறியும் விருப்பம் அவர் உள்ளத்திற் குடிகொண்டது. 1905இல் அவ்வுச்சியில் வானிலை நோக்கு நிலையமொன்றை நிறுவினார். வகுப்பறையிற் பாடஞ் சொல்வதும், ஓய்வு வாய்த்தபோதெல்லாம் மலையேறிக் கருவிகளின் பதிவை எடுத்து மீள்வதும் அவர் வாழ்க்கை முறையாயின.

அங்கேதான் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பனியின் ஆழத்தை அளப்பதனால் நீரின் அளவு தெரியாது. புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. பத்தங்குலப் பனியை உருக்கினால் ஓரங்குல நீரே கிடைக்கலாம். மாரி முழுவதும் படிந்து இறுகிய பழம்பனியோ பத்தங்குலத்துக்கு நான்கு அங்குலமும் அதற்கு மேலும் நீர் தரும். ஆகவே அளக்கவேண்டியது ஆழத்தையன்று, நிறையையே. இதற்கென அவர் 1900களின் பிற்பகுதியில் ஒரு கருவி அமைத்தார். அது நுனியிற் பல்வெட்டிய நீண்ட உட்குழாய். அதனைப் பனியினூடே நிலமட்டும் செலுத்தித் திருகி எடுத்தால், மேலிருந்து அடிவரையுள்ள பனித்தண்டு குழாயினுள் அகப்படும். அதனைக் குழாயோடு தராசில் தூக்கிக் குழாயின் நிறையைக் கழித்தால் நீரின் அளவு தோன்றும். பிற்காலத்தில் அரசினர் கையாண்ட குழாயின் வாய் ஒன்றரை அங்குலத்தினும் சிறிதே குறைந்தது. அவ்வகலத்தைக் கொண்டால் ஓர் அவுன்சு நிறை ஓர் அங்குல நீருக்கு ஒப்பாகும். மலைமேல் விறைத்த விரலோடு நிற்பவனுக்குக் கணக்கு எவ்வளவு எளிதோ அவ்வளவு நன்று.

கருவி பிறந்த காலத்திலேயே அதற்கொரு வழக்கும் காத்திருந்தது. நெவாடாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே தாகோ என்னும் பேரேரி கிடக்கின்றது. அதன் பரப்பு ஏறக்குறைய 190 சதுர மைல். அதினின்று புறப்படும் ட்றக்கி ஆறு றீனோ நகரூடாகச் சென்று பாலைநிலத்தில் பிரமிட் என்னும் ஏரியிற் கலக்கின்றது. தாகோவின் வாயிலில் ஒரு சிற்றணை உண்டு. அதனால் ஏரியின் மேல் ஆறடி நீரைத் தேக்கவும் திறக்கவும் முடியும். ஆறடி சிறிதெனத் தோன்றும். ஆனால் அவ்வேரியில் ஓரங்குலம் உயர்ந்தாலே பதினாயிரம் ஏக்கர் நிலத்தை ஓரடி ஆழத்துக்கு நனைக்கும் நீர் சேர்ந்துவிடும்.

நீரை மிகுதியாகத் தேக்கினால் கரையிலே வீடும் துறையும் உடையோர் தம் நிலம் அரிக்கப்படுகிறதென்று முறையிட்டனர். குறைத்துத் தேக்கினால் ஆற்றுநீரால் மின்சாரம் பிறப்பித்த கம்பனிக்கும் கீழ்நிலத்து உழவர்க்கும் கோடையில் நீர் போதாது. மாரியின் இறுதியில் மதகைத் திறப்பதா மூடுவதா என்பதே ஆண்டுதோறும் எழுந்த பூசல். மலையிலுள்ள பனியின் நீரளவு தெரியாதவரையில் ஒவ்வொருவரும் தத்தம் அச்சத்தையே அளவுகோலாகக் கொண்டனர். சேர்ச் ஏரியைச் சூழ்ந்த மலைகளிற் பனியை நிறைகண்டு, 1910ஆம் ஆண்டு தொடங்கி 1911இல் முடிந்த மாரிக்குப் பின்னர், ஏரி எவ்வளவு உயருமென்று எதிர்வு கூறினார். எண்ணொன்று கிடைத்தபோது பூசலின் வேகம் தணிந்தது. எத்திறத்தார்க்கும் உரியவரல்லாத ஆசிரியர் ஒருவர் எல்லோர்க்கும் பொதுவாகச் சொன்ன எண் அது.

அவர் முறையின் நுட்பம் அதன் எளிமையில் இருந்தது. மலைத்தொடர் முழுவதிலுமுள்ள பனியை எவராலும் அளக்கவியலாது. ஆகவே குறித்த சில இடங்களைத் தெரிந்து, ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே காலத்தில் அளந்தார். பெரும்பாலும் ஏப்பிரில் முதலாந் திகதியை ஒட்டிய நாட்களே அதற்குரியன. பனி நிறைந்து உருகத் தொடங்கும் எல்லை அது. பல்லாண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு, இவ்வாண்டு அவ்விடங்களில் நூற்றுக்கு எண்பது பங்கு பனி உண்டாயின், ஆற்றிலும் சராசரியில் நூற்றுக்கு எண்பது பங்கு நீரே வரும் என்று கொண்டார். முழுவதையும் அறியாது, விகிதத்தை அறிந்து அமைந்தார். காடுகளையும் ஆராய்ந்தார். மிக நெருங்கிய காட்டிற் பனி கிளைகளிலேயே தங்கி ஆவியாகிவிடுகிறது. மரமில்லா வெளியிலோ காற்று அதனை வாரிச் செல்கிறது. இடையிடையே வெளிவிட்ட காடே பனியைச் சிறப்பாகக் காக்கும் என்று கண்டார்.

1934ஆம் ஆண்டு அமெரிக்க மேற்கு நாட்டைக் கொடிய வரட்சி தாக்கியது. அவ்வாண்டில் யூற்றா மாநிலத்தில் யோர்ச் கிளைட் என்னும் பொறியியலாளர் பனியை அளந்து நீர்ப்பஞ்சத்தை முன்னரே அறிவித்தமையால் உள்ள நீரைப் பங்கிட்டு வாழ வழி பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்க அரசு பனியளவையையும் நீர்வரவு எதிர்வுகூறலையும் தன் விவசாயத் திணைக்களத்தின் கடமையாக ஏற்றது. இலத்தீன் ஆசிரியரின் ஓய்வுநேர முயற்சி அரசின் பணியாயிற்று.

சேர்ச்சின் கால்கள் ஓயவில்லை. 1920களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அனுப்பிய குழுவோடு கிறீன்லாந்து சென்றார். 1939இல் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், எழுபதைக் கடந்த பருவத்தில், இமயமலைப் பனியை அளக்கும் வகை காட்ட இந்தியாவுக்கும் வந்தார். 1922இல் மனைவியாரை இழந்தவர், பல்லாண்டு தனிமையிலே வாழ்ந்தார். கலையின்பால் அவர் கொண்ட பற்றும் குன்றவில்லை. 1931இல் றீனோ நகரில் ஓவியக் கூடமொன்றை நிறுவியோரில் அவரும் ஒருவர். 1959ஆம் ஆண்டு ஓகத்துத் திங்களில், தொண்ணூறு நிறைந்தவராய்க் காலமானார். பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் எழுந்த நுண்கலை மண்டபத்தின் மூலைக்கல்லினுள் அவருடைய சாம்பரும் மனைவியாருடைய சாம்பரும் வைக்கப்பட்டன. கல்லறை எழுத்தைக் கற்றவர்க்குக் கலைமண்டபத்துக் கல்லே உறைவிடமாயிற்று.

அவர் மறைந்தபின் கருவிகள் பெருகின. 1970களின் பிற்பகுதி தொடங்கி, பனியின் நிறையைத் தாமே உணர்ந்து செய்தி அனுப்பும் நிலையங்கள் மேற்கு மலைகளில் நிறுவப்பட்டு, இன்று ஏறக்குறைய 900 ஆகியுள்ளன. ஆயினும் கருவியினும் பெரியதொரு மாற்றம் வானத்தில் நிகழ்ந்தது. சேர்ச்சின் முறைக்கு அடிக்கல் ஒரு நம்பிக்கை: கடந்த ஆண்டுகள் வருகின்ற ஆண்டுக்குச் சான்றாகும் என்பது. உலகம் வெம்மையுற, அச்சான்று தளர்ந்து வருகின்றது. முன்னர்ப் பனியாக விழுந்தது இப்போது மழையாகப் பெய்கின்றது. மழை மலையிலே தங்காது. வெள்ளத்துக்கென இடம்விட்டு வைக்கவேண்டிய மாரிகாலத்திலேயே அணைகளை வந்து முட்டுகின்றது. எஞ்சிய பனியும் முந்தி உருகுகின்றது. உருகிய நீரும் வரண்ட மண்ணைக் கடந்தே ஆற்றை அடையவேண்டும்.

2015ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி கலிபோர்னியாவின் ஆளுநர் பனியளவை காணச் சென்று, புல்தரையிலே நின்றார். அம்மாநில மலைப்பனி சராசரியில் நூற்றுக்கு ஐந்து பங்கே இருந்தது. நகரங்கள் நீர்ச்செலவை நாலிலொரு பங்கு குறைக்கவேண்டுமென்று அவ்விடத்திலேயே ஆணை பிறந்தது. 2021இலோ ஏமாற்றம் வேறு வகையில் வந்தது. மலையிற் பனி ஓரளவு இருந்தது; அதனை நம்பி எதிர்வும் கூறினர்; ஆனால் காய்ந்த மண்ணும் உலர்ந்த காற்றும் அதனைக் குடித்துவிட, கணித்ததிலும் மிகக் குறைந்த நீரே ஆறுகளில் வந்தது. மாறிவரும் காலநிலையைக் கணிப்பிற் போதிய அளவு சேர்க்கவில்லையென்று, மாநிலக் கணக்காய்வாளர் 2023இல் நீர்வளத் திணைக்களத்தைக் குறைகூறினார். அதே ஆண்டில் பனி சராசரியின் இருமடங்குக்கும் மேலாகக் குவிந்து நின்றது. சராசரி என்னும் சொல்லே பொருளிழந்து வருவது போன்ற காலம் இது.

இப்போது விமானத்திலிருந்து ஒளிக்கதிர் செலுத்தி மலை முழுவதன் பனியாழத்தையும் அளக்கின்றனர். மண்ணின் ஈரத்தையும் கணக்கிற் சேர்க்க முயல்கின்றனர். ஆயினும் அக்கருவிகள் காட்டுவதைச் சரிபார்க்க, ஒருவர் இன்றும் மலையேறிக் குழாயைப் பனியிற் செலுத்தி நிறை காணவே வேண்டியுள்ளது.

எனவே சேர்ச்சின் பணி பழம்பொருளாயிற்று என்று எவரும் எண்ணவேண்டா. பழையன கற்றவர் பழையதையே கட்டியழுபவர் என்பது பேதைமை. சாசனம் படிப்பவன், முன்னர் ஒருவர் கொண்ட பாடத்தை, கல்லிலே வேறெழுத்துத் தோன்றியவிடத்துத் திருத்தத் தயங்கான். பனியின் ஆழத்தைக் கொண்டு நீரை மதித்த உலக வழக்கைத் தராசுகொண்டு திருத்தியவர் சேர்ச். அவருடைய விகிதத்தை இன்று மலையே பொய்யாக்குமாயின், அதனையும் திருத்துவதே அவர்வழி நிற்றலாகும். உழவன் எதனை விதைப்பதென்று அந்த எண்ணைப் பார்த்தே துணிகின்றான். அதனை மேசையிலிருந்து சொல்லாமல் மலைக்குச் சென்று அளந்து சொல்லும் கடமை, அன்று அவர் தோளில் இருந்தது போலவே இன்று அரசினர் தோளில் இருக்கின்றது.