சுபேதார் ராம்ஜி சக்பால்

டாக்டர் அம்பேத்கரின் வாழ்வை நாம் அனைவரும் அறிவோம். அவரை ஆளாக்கிய தந்தையாரை நினைவுகூர்வோர் நம்முள் சிலரே.

கொங்கண நாட்டு அம்படவே கிராமத்தைப் பூர்விகமாகக் கொண்ட மகார் குடும்பத்தில் தோன்றியவர் ராம்ஜி மாலோஜி சக்பால். தம் தந்தையைப் போலவே பட்டாளத்தில் சேர்ந்து சுபேதார் பதவிக்கு உயர்ந்தார். இராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியராகவும் விளங்கினார். கபீர் நெறியில் நின்று மதுவையும் புலாலையும் நீக்கியவர். மௌ இராணுவ முகாமில், 1891 ஏப்ரல் 14 அன்று, அவருக்குப் பதினான்காவது மகவாக பீமராவ் பிறந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் மகார்கள் படையில் சேரும் வாயிலை அரசு அடைத்துவிட்டது. வாளால் கிட்டிய உயர்வு மைந்தர்க்கு இனி இல்லை. கல்வி ஒன்றே துணை.

மனைவி பீமாபாய் மறைந்தபின், ராம்ஜி குடும்பத்தைக் காத்தார். பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறையே அவர்களது இல்லம். மகனை முன்னிரவில் உறங்கவிட்டுத் தாம் விழித்திருப்பார். பின்னிரவில் எழுப்பிப் படிக்கச் செய்வார். நூல் வாங்கப் பணமில்லாதபோது, மணமான புதல்வியரின் நகைகளை வாங்கி அடகு வைத்தார்.

1907-இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி காலமானார். அதே ஆண்டில் மகன் அமெரிக்கா சென்றதை அவர் காணவில்லை. 1923-இல் வெளிவந்த ரூபாய்ச் சிக்கல் பற்றிய தம் நூலைப் பெற்றோரின் நினைவுக்கே அம்பேத்கர் காணிக்கையாக்கினார்.

1956-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் திரிசரணம் ஏற்றனர். அந்நாளுக்குப் பின்னே, அந்த ஒற்றை அறையில் ஒரு தந்தை கண்விழித்த இரவுகள் உள்ளன. நம் இல்லத்துப் பிள்ளைகளின் கல்விக்காக நாமும் விழித்திருப்போமாக.