கணக்கில் வராத வீரர்

பேஸ்பால் நம் நாட்டில் வேரூன்றாத ஆட்டம். கிரிக்கெட் என்றால் நள்ளிரவிலும் கண் விழித்திருக்கும் நம் விடுதி நண்பர்கள், பேஸ்பால் என்றதும் எழுந்து போய்விடுவார்கள். ஆயினும் அந்த ஆட்டத்தில் கேட்சர் என்பவர் படும் பாடு நமக்கு விளங்காததன்று. நம் விக்கெட் கீப்பருக்கு அவர் உடன்பிறப்பு. தொல்லையில் மட்டும் மூத்தவர். அறுபதரை அடி தூரத்திலிருந்து, தரையில் படாமல் பாய்ந்து வரும் பந்தை மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்க வேண்டும். முகத்தில் கம்பிக் கூடு, மார்பில் மெத்தை, முழங்காலுக்குக் கீழே காப்பு. அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்று விரல் சைகையால் சொல்பவரும் அவரே. எதிராளி இரண்டாம் தளத்தைத் திருட்டுத்தனமாகப் பிடிக்க ஓடினால், குந்திய இடத்திலிருந்து துள்ளி எழுந்து 127 அடிக்கு அப்பால் குறி தவறாமல் எறியவும் வேண்டும். இத்தனை உழைப்புக்கும் பிறகு மட்டை பிடித்தும் பிரகாசிக்க எத்தனை பேரால் முடியும்? ஆகையால் கேட்சர்களிடம் பெரிய அடியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஜாஷ் கிப்சன் அதற்கு விலக்கு.

அவர் பிறந்தது 1911 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் தெற்கேயுள்ள ஜார்ஜியா மாநிலத்தில், பியூனா விஸ்டா என்னும் சிற்றூரில். வடக்கே பிட்ஸ்பர்க் நகரின் எஃகு ஆலைகள் ஆள் தேடிய காலம் அது. தகப்பனார் முதலில் போய் வேலையில் அமர்ந்தார். பிறகு குடும்பம் போய்ச் சேர்ந்தது. ஜாஷ் மின்சாரத் தொழில் கற்றார், பிறகு பள்ளிப் படிப்பை இடையில் விட்டுவிட்டார். ஆலையில் வேலை பார்த்தார். மாலை வேளைகளில் பந்தாடினார். 1930ல், பதினெட்டு வயதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பர் கோஷ்டியில் சேர்ந்தார். வழக்கமான கேட்சருக்கு விரலில் அடிபட்டதால், வேடிக்கை பார்க்க வந்திருந்த இவரைக் கூட்டத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை அழகாகவே இருக்கிறது, எவ்வளவு மெய்யோ!

அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய இளம் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற கையோடு கண் மூடினார். குழந்தைகளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிப்சன் ஆட்டத்துக்குத் திரும்பினார். அதன்பின் அவர் வாழ்க்கை பெரும்பாலும் பஸ்ஸிலும் மைதானத்திலுமே கழிந்தது.

கறுப்பர் கோஷ்டி என்று ஏன் தனியாக ஒன்று? 1884ல் டொலீடோ நகரக் கோஷ்டிக்காக மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் பெரிய லீக்கில் ஆடினார். அவரும் கேட்சர்தான். அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வெள்ளையர் லீக்கின் கதவு கறுப்பருக்குச் சாத்தியே கிடந்தது. இதற்கென்று எந்த விதியும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் ஒருவேளை எதிர்த்து வழக்காடியிருக்கலாம். கறுப்பர் தமக்கென லீக்குகளை நிறுவிக் கொண்டார்கள். ஊர் ஊராகப் பஸ்ஸில் பயணம். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். பல ஊர்களில் தங்க அறை கிடையாது, உண்ண உணவு விடுதி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளையர் கோஷ்டி வெளியூர் போயிருக்கும் நாட்களில் வாஷிங்டன் நகரின் கிரிஃபித் ஸ்டேடியத்தில் கிரேஸ் கோஷ்டியார் ஆடலாம். வாடகை மட்டும் ஒழுங்காகக் கட்ட வேண்டும்! கறுப்பரின் பணத்துக்கு நிறம் இல்லை போலும்.

1932ல் கிப்சன் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் கோஷ்டிக்கு மாறினார். பந்தெறிவதில் நிகரற்ற சாச்சல் பேஜ், மின்னல் வேகத்தில் ஓடும் கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன் ஆகியோர் அங்கே இவருடைய கூட்டாளிகள். 1937ல் மீண்டும் கிரேஸ். அங்கே பக் லெனர்டும் இவரும் அடுத்தடுத்து மட்டை பிடிக்க வந்தால் எதிரிகள் கலங்கினார்கள். இடையில் டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, மெக்சிகோ என்று கடல் கடந்தும் ஆடினார். யாங்கி ஸ்டேடியத்துக்கு வெளியே போய் விழும்படி ஒரு பந்தை அடித்தார் என்பார்கள்; அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சறுக்கலும் உண்டு. 1942ல் இறுதிப் பந்தயத் தொடரில் பழைய நண்பர் பேஜ் எதிர்க் கோஷ்டியில் நின்றார். மூன்று தளங்களிலும் ஆள் இருக்க, கிப்சனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். தொடரும் கைவிட்டுப் போயிற்று.

1943 புத்தாண்டு நாளில் கிப்சன் நினைவிழந்தார். மூளையில் கட்டி என்றார்கள் வைத்தியர்கள். அறுவைக்கு அவர் இசையவில்லை. அந்த ஆண்டிலேயே அவர் அடித்த அடிதான் வியப்பு. பேஸ்பாலில் மட்டை வீசக் கிடைத்த ஆயிரம் வாய்ப்புகளில் முந்நூறு வெற்றி கண்டால் சிறந்த ஆட்டக்காரர் என்பார்கள். 1943ல் கிப்சனின் வீதம் ஆயிரத்துக்கு 466. அந்த ஆண்டும் மறு ஆண்டும் கிரேஸ் கோஷ்டி கறுப்பர் லீக்குகளின் உலகத் தொடரை வென்றது. ஆனால் தலைவலி விடவில்லை, குடி மிகுந்தது, முழங்கால்கள் தேய்ந்தன.

1945 அக்டோபரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அமைப்பில் ஜாக்கி ராபின்சன் ஒப்பந்தமானார். கிப்சனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அழைப்பு அவருக்கு வரவில்லை. 1947 ஜனவரி 20 அன்று பிட்ஸ்பர்க்கில் அவர் காலமானார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, ராபின்சன் பெரிய லீக்கில் காலடி வைத்தார். கிப்சன் மனமுடைந்து மாண்டார் என்று எழுதுவோர் பலர். நோயை மறைத்து, கேட்போர் கண் கலங்கும்படி கதை கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அவரைக் கொன்றது நோய். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி அதற்கு முந்திய பதினேழு ஆண்டுகளில் நாள்தோறும் நடந்தது. அவரைவிடப் பத்து வயது இளைய கேட்சர் ராய் காம்பனெல்லா, அதே கறுப்பர் லீக்கிலிருந்து டாட்ஜர்ஸுக்குப் போய் 1951, 1953, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். பத்து ஆண்டு வித்தியாசத்தின் விலை அது!

கிப்சனின் கல்லறை 1975 வரை பெயர்க்கல் இன்றிக் கிடந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1972ல், கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபம் அவர் பெயரை ஏற்றிருந்தது. அங்குள்ள பலகை அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன் அடித்ததாகக் கூறுகிறது. ஹோம் ரன் என்பது நம் சிக்ஸருக்கு இணை. லீக் ஆட்டங்களில் கிடைத்த கணக்கோ இருநூறைக்கூட எட்டவில்லை. எது பொய்? இரண்டுமே பொய்யில்லை. லீக் ஆட்டங்கள் ஆண்டுக்கு அறுபது, எழுபதுதான். மீதி நாட்களில் ஆலைத் தொழிலாளர் கோஷ்டியோடும் கிராமத்துக் கோஷ்டியோடும் வயிற்றுப் பாட்டுக்கு ஆடியவை. அவற்றைக் குறித்து வைத்தவர் சிலரே.

வெள்ளையர் ஏடுகள் கவனிக்காத ஆட்டங்களைப் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பர் பத்திரிகைகள் அச்சிட்டிருந்தன. ஆர்வலர்கள் பல ஆண்டுகள் அவற்றைப் புரட்டி ஆட்டம் ஆட்டமாகக் கணக்கெடுத்தார்கள். 2020 டிசம்பரில் அந்த லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று தலைமை நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் புதிய பட்டியல் வெளிவந்தது. நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்த டை காப்பின் வாழ்நாள் வீதம் ஆயிரத்துக்கு 367, கிப்சனுக்கு 372. அடியின் வலிமையைக் காட்டும் கணக்கில் பேப் ரூத்தையும் தாண்டி அவரே முதல்வர். பழைய ஆட்டங்களின் விவரம் இன்னும் அகப்பட்டு வருவதால், அந்த எண்கள் சிறிது ஏறியும் இறங்கியும் வருகின்றன.