மேடையிலிருந்து திரைக்கு: ஏவி. மெய்யப்பனும் ‘காயாத கானகத்தே’ பாடலின் தொடர்வாழ்வும்

இன்றைய சிவகங்கை மாவட்டக் காரைக்குடியில் 1907ஆம் ஆண்டு பிறந்த ஏவி. மெய்யப்பன் பாடகரும் அல்லர். நாடக நடிகரும் அல்லர். தந்தை ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டு விற்றதே அவர் பெற்ற இசைப்பயிற்சி எனலாம். எக்குரலைக் கேட்டு வாடிக்கையாளர் மீண்டும் வருகின்றனர் என்பதைக் கடைக்காரரே முதலில் அறிவார். பின்னர்ச் சென்னையில் கூட்டாளிகளுடன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் அவ்வறிவை விரிவாக்கியது. அவர் வரலாற்றை எழுதுவோர் படப்பிடிப்பு நிலையத்தையே முதன்மைப்படுத்துவர். தமிழ் நாடகப்பாட்டு வரலாற்றில் அவருக்குரிய இடமோ 1945இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’யில் உள்ளது.

‘வள்ளி திருமணம்’ சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகம். அந்நாடக மேடையில் முருகன் வள்ளியை விளித்துப் பாடும் ‘காயாத கானகத்தே’, செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலோடு ஒன்றிப்போன பாடலாகும். கிட்டப்பா 1933இல் 27ஆம் வயதில் மறைந்தார். அவர் பாடக் கேட்டோர் திரளாக வாழ்ந்த காலத்தில் அதே பாடலைப் பிறிதொருவரைப் பாடச்செய்தல் எளிதன்று. மெய்யப்பன் தேர்ந்தவர் டி.ஆர். மகாலிங்கம், 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் கண்ணனாக அவரால் நடிக்கவைக்கப்பெற்ற சிறுவர். கிட்டப்பாவின் உச்சத்தாயிப் பாங்கை எட்டவல்ல குரல் அவருடையது.

இதனைப் போலச்செய்தல் எனக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. முன்னோர் மெட்டை ஏற்றுத் தம் சங்கதிகளைச் சேர்த்துப் பாடுதலே ராஜபார்ட் நடிகர்களின் மரபு. இரவுக்கு இரவு மாறிய பாடலுக்குத் திரை நிலைத்ததொரு வடிவத்தைத் தந்தது. இழப்பும் பேறும் அதில் ஒருங்கே அமைந்தன. குரல் குறித்த மெய்யப்பனின் கண்டிப்புக்கு அப்படத்திலேயே மற்றொரு சான்று உண்டு. வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டு நிறைவளிக்காமையால், பி.ஏ. பெரியநாயகியைப் பாடச்செய்து அக்குரலை இணைத்தார். நடிகையின் உருவமும் பாடகியின் குரலும் பிரிந்த இந்நிகழ்வு தனி ஆய்வுக்குரியது.

பின்னர்க் காரைக்குடியிலேயே படப்பிடிப்பு நிலையம் அமைத்து, 1947இல் மகாலிங்கத்தை நாயகனாகக் கொண்டு ‘நாம் இருவர்’ படத்தை வெளியிட்டார். அதில் ஒலித்த பாரதி பாடல்களுக்கு அவரிடம் உரிமை இருந்தது. 1949இல் அதனை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். வள்ளி நாடகப் பாட்டுக்கோ நடிகர் குழாமே உரிமையாளர்.

மகாலிங்கம் 1978இலும் மெய்யப்பன் 1979இலும் மறைந்தனர். சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நிகழும் வள்ளி திருமணத்தில் இப்பாடல் இன்றும் ஒலிக்கிறது. கிட்டப்பாவை நேரில் கேட்டவர் இல்லாத அவ்வவைகளில், முருகனாக வருபவரின் குரல் பெரும்பாலும் மகாலிங்கத்தின் பதிவைக் கொண்டே அளக்கப்படுகிறது.